சமத்து வேலி தாண்டுவது சம்பந்தமாக

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். அங்கே தாங்களும் எங்கள் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வேலிதான் சௌக்கியமாக இல்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லாமல் எழுதுவதைத் தாங்கள் தவறாக நினைக்கக் கூடாது. போனில் நான் "சமத்து..." என்று ஆரம்பித்தாலே உங்கள் அத்தை அதைப் பிடுங்கி, "அவன் தங்கமா இருக்கான் மாப்பிள்ளை, நீங்க நிம்மதியா வேலையைப் பாருங்க" என்று சொல்லி வைத்துவிடுகிறாள். வைத்த கையோடு வாசலுக்கு ஓடி அந்தத் தங்கத்தை ரோட்டில் தேடுகிறாள். ஆகவே அவள் துணி உலர்த்த மாடிக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து எழுதுகிறேன். கையெழுத்து ஓடினால் அவள் இறங்கி வருகிறாள் என்று அர்த்தம்.

வேலி தாண்டுகிற நாய்க்குச் சமத்து என்று பெயர் வைத்தது தாங்களா, எங்கள் மகளா என்று கேட்டுக் குடும்பத்தில் கலகம் உண்டாக்க நான் விரும்பவில்லை. தங்கள் புது வேலைக்குக் கொடுத்த வீட்டில் நாய் வளர்க்க அனுமதி இல்லை என்றதும், இங்கே விட்டுப் போங்கள் என்று முதலில் சொன்னவனே நான்தான். "நான் சர்வேயரா இருந்தவன். ஊரார் எல்லையை எல்லாம் அளந்து கல் நட்டவன். ஒரு நாயை ஒரு வேலிக்குள்ள வெச்சுக்க எனக்குத் தெரியாதா?" என்று உங்கள் அத்தையிடம் பெருமையடித்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்!

தாங்கள் பார்த்த அதே வேலிதான், இடுப்பு உயரத்துக்குக் கம்பி. அதற்கு வெளியே ஒரு சின்னச் சாக்கடை, அதைத் தாண்டினால் ரோடு, ரோட்டில் கிடங்குக்குப் போகிற லாரிகள். தாங்கள் போன மறுவாரம் இஸ்திரிக்காரர் துணி மூட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினார், உங்கள் அத்தை வழக்கம்போல வாசல் வரை வந்து அனுப்பிவிட்டு கேட்டைச் சாத்தினாள், சாத்தின கை எடுக்கவில்லை, சமத்து அவள் தலைக்குப் பக்கத்தில் பறந்து போனான். நேரே தெருமுனை, அங்கே ஒரு திரும்பல், நேரே வீடு. சாக்கடைப் பக்கமிருந்து தாண்ட வசதி இல்லாததால் கேட்டுக்கு முன்னால் நின்று, விருந்துக்கு வந்தவன் மாதிரி கதவைத் திறக்கச் சொல்லிக் குரைக்கிறான். ஏன் போனான், ஏன் வந்தான், ஒன்றும் விளங்கவில்லை.

இதில் இன்னொரு சங்கடம். தங்கள் வீட்டிலிருந்து வந்தவன் என்பதால் இஸ்திரிக்காரர் அவனை மரியாதையாக "மாப்பிள்ளை" என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்குத் தெருமுனையில் நின்றுகொண்டு, "சார்! உங்க மாப்பிள்ளை வேலி தாண்டிட்டாரு!" என்று ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், தெருவே கேட்டது. சாயந்திரம் பக்கத்து வீட்டு டீச்சர் வந்து உங்கள் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "பொண்ணு தைரியமா இருக்காளா? ஆம்பளைங்க எல்லாம் ஒரு வயசுல இப்படித்தான், அப்புறம் அடங்கிடுவாங்க" என்றார்களாம். இவளும் நாயைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்து, "அடங்கலைன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் ஆபரேஷன் பண்ணிடலாம்னு இவர் சொல்றார்" என்று சொல்லியிருக்கிறாள். அந்த டீச்சர் இன்று வரை என் முகத்தை நேரே பார்ப்பதில்லை. இது சுற்றி வளைத்துத் தங்கள் தாயார் காதுக்கு எட்டினால், தாண்டினது நாலு கால் மாப்பிள்ளை என்று தாங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடவும்.

பிறகு தச்சரைக் கூப்பிட்டு வேலியை உயர்த்தினேன். அவர் பலகைகளைக் குறுக்குவாட்டில், உள்பக்கமாக, நடுநடுவே இடைவெளி விட்டு அடித்தார். "காத்து வரணும்ல சார்" என்றார். சமத்து நாள் முழுக்க எதிரே உட்கார்ந்து மேஸ்திரி மாதிரி மேற்பார்வை பார்த்தான். தச்சர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப, உங்கள் அத்தை அவரை அனுப்பிவைக்க, இவன் பலகை பலகையாகக் கால் வைத்து ஏறி, உச்சியில் ஒரு நிமிஷம் நின்று ஊரைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் குதித்தான். காசு கொடுத்து ஏணி செய்து வைத்திருக்கிறோம் மாப்பிள்ளை! தச்சர் திரும்பி வந்து பலகையை ஆட்டிப் பார்த்து, "ஒண்ணு கூட அசையல பாருங்க சார்" என்று சந்தோஷப்பட்டார். அவரை நான் என்ன சொல்வது?

அப்புறம் பலகையை நெட்டுவாட்டில் மாத்தினோம், அவன் துவைக்கிற கல்லு மேல ஏறித் தாண்டினான். கல்லை நகர்த்தினேன், என் இடுப்பும் கூடவே நகர்ந்துடுச்சு. தண்ணி டிரம் மேல ஏறினான், டிரம்மை உருட்டிக் கொல்லைக்குக் கொண்டு போனேன். என் ஸ்கூட்டர் சீட்டு மேல ஏறினான், ஸ்கூட்டர் இப்ப ஹால்ல நிக்குது. கயித்துல கட்டினா உங்க அத்தை, "கட்டிப் போடுறதுக்கா நம்ம வீட்டுக்கு வந்தான்?"னு கண்ணைத் துடைச்சுக்கிட்டே அவிழ்த்து விட்டுடறா. நல்லா நடக்க வெச்சுக் களைப்பாக்குங்கன்னு மிருக டாக்டர் சொன்னார். காலையும் மாலையும் நடக்கிறேன், களைப்பும் ஆகுது, ஆனா எனக்கு.

கடைசியா வேலி உச்சியில ஒரு கம்பியை இழுத்து, அதுல பிளாஸ்டிக் பைப்பைக் கோத்து விட்டேன். காலை வெச்சா பைப்பு சுத்தும், நாய் வழுக்கி உள்ளேயே விழும். யோசனை அருமையான யோசனைதான். அன்னிக்குப் பார்த்து நான் வெளியே போயிட்டு வரேன், கேட்டு பூட்டியிருக்கு, உங்க அத்தை டீச்சர் வீட்டுல விளக்கம் சொல்லிக்கிட்டிருக்கா, சாவி அவ இடுப்புல. அவசரம், வயசாச்சு, எல்லா அவசரத்தையும் மாப்பிள்ளைக்கு விவரமா எழுத முடியாது. வேலி மேல கையை வெச்சு ஒரு காலைத் தூக்கினேன். பைப்பு ரொம்ப நல்லாச் சுத்துது மாப்பிள்ளை. சாக்கடையில கிடந்தபடி பார்க்கிறேன், சமத்து உள்ளே நின்னுக்கிட்டு, பாவம் இந்த மனுஷன்னு என்னைப் பார்க்கிறான். அவனுக்கு அந்தப் பைப்பு ஒரு பொருட்டே இல்லை. வீட்டுப் படியிலேர்ந்து ஓடி வந்து அதைத் தொடாமலே தாண்டிடறான்.

இதுவரைக்கும் சிரிச்சிருப்பீங்க. இனிமே சொல்றது சிரிப்பு இல்லை. போன வாரம் கேஸ் சிலிண்டர் போட வந்தவர் கிளம்பினார். இவன் வழக்கம்போலப் பறந்தான், எதிரே லாரி. டிரைவர் போட்ட பிரேக்கு சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. லாரிக்கும் அவனுக்கும் நடுவுல ஒரு முழம் கூட இல்லை. அந்த டிரைவர் திட்டணும்னுதான் இறங்கினார், உங்க அத்தையைப் பார்த்ததும் பின்னால வந்த வண்டிகளை நிறுத்தப் போயிட்டார். அவ நடுரோட்டுல உட்கார்ந்து அவனைக் கட்டிக்கிட்டா, எழுந்திருக்கவே இல்லை. அன்னிக்கு அவ சாப்பிடலை, அவனும் சாப்பிடலை, அப்புறம் நான் மட்டும் எப்படிச் சாப்பிடறது?

அதனால தயவுசெய்து உங்க சிநேகிதர்கிட்ட பேசுங்க. அதான், பெரிய தோட்டமும் ஆள் உயர மதிலும் இருக்குன்னு சொன்னீங்களே, அவர். சமத்துவை அங்கே விட்டுடலாம். இது உங்க அத்தைக்குத் தெரியாது. இந்த வீட்டுல அவ நாள் முழுக்கப் பேசறது அவன்கிட்டதான், என்கிட்ட பேசறது கரெண்ட் போனா மட்டும். அவனை அனுப்பினா எப்படி இருப்பாளோ தெரியலை. ஆனா இன்னொரு லாரி வந்து அதை அவ கண்ணால பார்க்கிறதை விட இது மேல்.

தங்கள் உடம்பையும் எங்கள் மகளின் முன்கோபத்தையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவும். நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நல்லபடியாக இருக்க எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். சிநேகிதர்கிட்ட மூச்சு விடாதீங்க. இவ்வளவு எழுதினதைக் கிழிக்க மனசு வராமத்தான் அனுப்பறேன்.

நாலு நாள் முன்னால இந்தக் கடிதத்தைத் தபால்ல போடக் கிளம்பினேன். உங்க அத்தை வாசலுக்கு வந்து, "போயிட்டு வாங்க"ன்னா. அவ்வளவுதான், சமத்து பறந்தான். தெருமுனைக்குப் போனான், திரும்பி வந்தான், கேட்டுக்கு முன்னால நின்னு வாலை ஆட்டிக்கிட்டு அவ முகத்தையே பார்க்கிறான், சபாஷ் சொல்லுவாள்னு. எனக்கு அப்பத்தான் பொறி தட்டுச்சு. அவனை உள்ளே கொண்டு வந்து கழுத்துப் பட்டையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு, "இப்ப சொன்னியே, அதை இன்னொரு தடவை சொல்லு" என்றேன். "எதை? போயிட்டு வாங்கன்னா?" என்றாள். பட்டையோட சேர்த்து என்னையும் வேலி வரைக்கும் இழுத்துட்டுப் போயிட்டான்.

இஸ்திரிக்காரர், தச்சர், சிலிண்டர்காரர், யார் கிளம்பினாலும் "போயிட்டு வாப்பா"ன்னு சொல்லாம இவ அனுப்பினதே இல்லை. அது தனக்குப் போடுற உத்தரவுன்னு அவன் நினைச்சிருக்கான். ஓடிப் போகலை மாப்பிள்ளை, சொன்னதைச் செஞ்சிருக்கான். பேர் வெச்சவங்க யாரா இருந்தாலும் என் மன்னிப்பைச் சொல்லிடுங்க.

"இனிமே வெறுமனே 'போ'ன்னு சொல்லிடு" என்றேன். "வீட்டை விட்டுக் கிளம்புறவங்களைப் பார்த்துப் 'போ'ன்னு சொல்லவா? என் வாயில வராது" என்று சண்டைக்கு வந்துட்டா. கடைசியில வாயே திறக்காம தலையை மட்டும் ஆட்டறதுன்னு முடிவாச்சு. அன்னிலேர்ந்து சமத்து வேலிப் பக்கமே போறதில்லை, படியில படுத்துத் தூங்கறான். "அம்மாவுக்கு என் மேல என்ன கோபம் சார்?"னு இஸ்திரிக்காரர்தான் தினம் கேட்கிறார்.

நேத்து அவன் தலையைத் தடவிக்கிட்டே உங்க அத்தை சொன்னா: "நான் சொன்ன சொல்லைக் கேட்டு ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தவன் இவன் ஒருத்தன்தான்." அன்னிக்கு உங்க ரெண்டு பேரையும் கார்ல ஏத்தி விட்டப்பவும் அவ "போயிட்டு வாங்க"ன்னுதான் சொன்னா மாப்பிள்ளை. நீங்க போனது சரி. வர்றதுக்கு எப்ப லீவு கிடைக்கும்னு ஒரு வரி எழுதிப் போடுங்க.