பட்டுத் திரிக் கண்மை

காலையில் கண் சிவந்து எழுந்திருக்க உலகத்தில் எத்தனையோ காரணம் உண்டு. தூசி, அடுப்புப் புகை, உடம்புச் சூடு, தலையில் சரியாக அலசாத சீயக்காய், எதுவாகவும் இருக்கலாம். ஆனால் பெண் பார்க்க வருகிற அன்றைக்கு ஒரு பெண்ணின் கண் சிவந்திருந்தால் ஊருக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்றுதான்: ராத்திரியெல்லாம் அழுதிருக்கிறாள். அப்படி இல்லை என்று நிரூபிக்கப்போய் என் மானத்தை நானே வாங்கிக்கொண்ட கதை இது.

அறுபதுகளின் கடைசி. காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டில் இரண்டு தறி. எனக்குப் பத்தொன்பது வயது (எங்கள் தெருக் கணக்கில் அதுவே ரொம்ப லேட்). வாலாஜாபாத்திலிருந்து வரப்போகிற மாப்பிள்ளையை நான் அவருக்குத் தெரியாமல் முன்னாலேயே பார்த்துவிட்டேன். ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் எல்லாரும் பந்திக்கு முந்திக்கொண்டிருந்தபோது, இந்த மனிதர் மட்டும் சமையல்காரரிடம் நின்று, "அப்பளத்த எண்ணெயில போட்டா ஏன் பெருசாவுது?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார். சமையல்காரர் கரண்டியைக் காட்டி விரட்டினார். கட்டிக்கொண்டால் இவரைத்தான் என்று நான் அங்கேயே முடிவு செய்தேன். ஏனென்றால் நானும் அதே ரகம். எதையும் கிளறிப் பார்க்காமல் தூக்கம் வராது.

அந்தக் காலத்தில் கண்மை வீட்டிலேயே செய்வோம். பழைய வேட்டித் துணியைக் கரிசலாங்கண்ணிச் சாற்றில் நனைத்து, காயவைத்து, திரியாகத் திரித்து, விளக்கெண்ணெயில் எரிக்க வேண்டும். மேலே கவிழ்த்த பித்தளைத் தட்டில் படிகிற கரிதான் மை. பெண் பார்க்க வருவதற்கு முதல் நாள் அம்மா அந்த வேலையை என்னிடம் விட்டுவிட்டுக் கடைக்குப் போனாள். வேட்டித் துணியைக் கையில் எடுத்ததும் என் மூளை வேலை செய்தது. ஊருக்கெல்லாம் பட்டு நெய்கிறோம், நம் வீட்டுப் பெண்ணின் கண்ணுக்கு மட்டும் பருத்தித் திரியா? பட்டில் திரி போட்டால் மையும் பட்டுபோல இருக்காதா?

தறியடியில் கிடந்த கழிவுப் பட்டு நூலை அள்ளித் திரித்தேன். அது ஒழுங்காக எரியவில்லை. பொசுங்கியது, சுருண்டது, முடி கருகுகிற நாற்றம் வேறு. உயர்ந்த பொருளென்றால் அப்படித்தான் இருக்கும்போல என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். காலைக்குள் நன்றாகப் பிடிக்கட்டும் என்று படுக்கும்போதே இரண்டு கண்ணிலும் தாராளமாகத் தீட்டினேன்.

காலையில் இமையைப் பிரிக்கவே முடியவில்லை. பிரித்துக் கண்ணாடியைப் பார்த்தால் அதற்குள் கோவைப்பழம் இரண்டு என்னைப் பார்த்தன.

"என்னாடி இது! சூடா? சினிமா பாத்துக்கினு வந்தியா?" என்று அம்மா அலறினாள்.

"தெரியலமா." (உண்மையிலேயே தெரியவில்லை. என் மையின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.)

பிறகு வைத்தியம் ஆரம்பமானது. சூடு தணிய விளக்கெண்ணெய் விட்டாள் அம்மா. உலகம் வழவழவென்று ஆனது. நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் வைத்துத் துணியால் கட்டினாள். பூவுக்குள் இருந்த எறும்பும் சேர்ந்து கட்டுப்பட்டது. கடைசியாக, பிள்ளை பெற்று ஆறு மாதமான பக்கத்து வீட்டு சரோஜா அக்கா, குழந்தைக்குப் புகட்டுகிற பாலாடையில் தாய்ப்பால் கொண்டுவந்து கண்ணில் சொட்டுச் சொட்டாக விட்டாள். தன் சாப்பாடு என் கண்ணுக்குள் போவதைப் பார்த்து அவள் இடுப்பிலிருந்த குழந்தை வீல் என்று கத்தியது. நான் எழுந்து கிணற்றடிக்குப் போகப் பார்த்தேன்.

"தண்ணி படவே கூடாது! கண்ணு இன்னும் கெட்டுப்பூடும்!" என்று அம்மா என்னைப் பிடித்து உட்காரவைத்தாள். போதாதற்குச் சிவப்பு தெரியாமலிருக்க அதே மையை இன்னொரு சுற்றுத் தீட்டிவிட்டாள். அது பட்டதும் கண் திகுதிகுவென்று எரிந்தபோதுதான் குற்றவாளி என் மைதான் என்று எனக்குப் புரிந்தது.

அவர்கள் வந்தார்கள். காபித் தட்டோடு போய் நின்றேன். கண்ணிலிருந்து கறுப்பாகத் தண்ணீர் கொட்டி டம்ளரில் விழுந்தது. மாப்பிள்ளையின் அம்மா என்னையே பார்த்தார். காபியைத் தொடாமல் எழுந்தார்.

"அண்ணே, தப்பா நெனச்சிக்காதீங்க," என்று அப்பாவிடம் சொன்னார். "என் பெரிய மருமவளும் பொண்ணு பாக்கப்போன அன்னிக்கு இப்டித்தான் அழுதுக்கினு நின்னுச்சி. பயம்னு நெனச்சி கட்டிக்கினு வந்தேன். அது இன்னும் செவுத்தப் பாத்துக்கினு ஒக்காந்துக்கினு இருக்குது. இஷ்டமில்லாத பொண்ண இன்னொரு தபா கூட்டிக்கினு போவ எனக்கு மனசு வரல. நாங்க வர்றோம்."

மாப்பிள்ளையும் எழுந்து செருப்பைத் தேடினார். அப்பளம் ஏன் பெரிதாகிறது என்று கேட்கிற இன்னொருவனுக்கு நான் எங்கே போவேன்?

"எனக்கு இஷ்டம்!" என்று கத்தினேன். தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை. கோடி வீடுவரை கேட்டிருக்கும். "எனக்கு இவரத்தான் புடிச்சிருக்குது! நான் அழுவல அத்தே! மை எரியுது!"

அப்பா தறிக்குழியைப் பார்த்தார், இறங்கிவிடலாமா என்பதுபோல. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பெண் வாயைத் திறந்து பேரைச் சொன்னாலே குற்றமாக இருந்த காலம் அது. மாப்பிள்ளை மட்டும் செருப்பை விட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

"மையா? எதுல திரி போட்டது?"

"பட்டுல."

"பட்டுலயா! என்னா கலரு?"

"அரக்கு."

அவர் முகம் மலர்ந்தது. மைச் சிமிழைக் கேட்டு வாங்கி முகர்ந்து பார்த்தார். "முடி பொசுங்குன நாத்தம் வருதே. பட்டா, சாயமா, எது எரியுது?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். யாரும் தடுப்பதற்குள் விரலில் தொட்டுத் தன் இடது கண்ணில் இழுத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. "சும்மாதான் இருக்குது," என்று ஆரம்பித்தவர் பாதியிலேயே "ஐயோ!" என்றார். கண் சிவந்து, தண்ணீர் தாரையாக வழிந்தது.

அவர் அம்மா இடுப்பில் கைவைத்து மகனைப் பார்த்தார். "ஏன்டா, அப்ப உனுக்கும் இஷ்டமில்லியா?"

முதலில் சிரித்தது அப்பாதான். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. மகனின் பிடரியைப் பிடித்துக் கிணற்றடிக்கு இழுத்துப்போனார். "நீயும் வாடி!" என்று என்னையும் அழைத்தார். ஒரு கையில் என் கழுத்து, மறு கையில் வாளி. சில்லென்ற தண்ணீரை மாற்றி மாற்றி இரண்டு பேர் முகத்திலும் அடித்தார். நாலு வாளிக்குப் பிறகு எரிச்சல் அடங்கியது. காலையிலிருந்து யாருக்கும் தோன்றாத வைத்தியம்! எங்கள் நிச்சயதார்த்தம் அந்தத் துவைக்கிற கல் பக்கத்தில், சொட்டச் சொட்ட நனைந்தபடி முடிந்தது. கண்ணைத் திறந்ததும் நான் பார்த்த முதல் முகம் அவருடையது. அப்போதும் சிமிழைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

கட்டிக்கொண்ட பிறகுதான் தெரிந்தது, ஏன் எப்படி என்று கேட்கிற மனிதரோடு குடித்தனம் நடத்துவது என்ன பாடு என்று. சுவர்க்கடிகாரத்தைப் பிரித்துப் போட்டார், சேர்க்கவில்லை. ரேடியோவுக்கும் அதே கதி. ஒரு தீபாவளிக்கு முதல் நாள் ஸ்டவ்வைப் பிரித்தார். நான் அழாக்குறையாக மாமியாரிடம் போய், "அத்தே, உங்க புள்ளய ஒரு வார்த்த கேக்க மாட்டீங்களா?" என்றேன். அவர் வெற்றிலையை மடித்தபடியே, "நான் பாட்டுக்கு எழுந்துட்டேன்மா. கத்தி நிறுத்தனது நீதான்," என்றார்.

அன்றிலிருந்து எந்தப் புகாருக்கும் அதே தீர்ப்புதான். மாமியார் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது, தீர்ப்பு போகவில்லை. போன வாரம் இவர் புது மிக்ஸியைப் பிரித்துக் கூடமெல்லாம் பரப்பியிருந்தார். நான் வாயைத் திறந்தேன். அடுப்படியிலிருந்து என் மகள் எட்டிப் பார்த்து, பாட்டியின் குரலிலேயே, "ஆயா அப்பவே எழுந்தாங்களா இல்லியாம்மா?" என்றாள்.

நான் வாயை மூடிக்கொண்டு அம்மியில் சட்னி அரைக்கப் போனேன்.