பரீட்சைக்கு வந்த வாசல்

எங்கள் ‘இடம்’ மாதிரி ஒரு பிடிவாதக்காரனை மகாராஜா காலத்திலிருந்து இன்றுவரை மைசூர் பார்த்திருக்காது. தொண்ணூறுகளில் என் அறைத்தோழன், சிற்பம் படித்தான். வாயைத் திறந்தால், மைசூர்ப் பையன்கள் நண்பனைக் கூப்பிடுகிற மாதிரி, “இடம் முக்கியம் குரு” என்பான். அதனால் அந்தப் பெயர்.

தோசையைப் பார்சல் கட்டினால் தொடமாட்டான். “கல்லுக்கு எதிர்ல நின்னு சாப்பிட்டாத்தான் அது தோசை. ரூமுக்கு வந்துட்டா வெறும் மாவு” என்பான். காய்ச்சலிலும் அதே கதைதான். போர்வையோடு கைத்தாங்கலாக ஹோட்டலுக்கு நடத்திப் போன பாவி நான்.

கடைசி வருடப் பரீட்சைக்கு அவன் செய்தது ஒரு மர நிலைவாசல். கதவு கிடையாது. அதைக் கல்லூரிக்குக் கொண்டுபோகாமல், ரயில் பாதைக்கு அப்பால் ஒரு பொட்டலில் ஊன்றினான். முந்தின வருடம்வரை அங்கே கட்டட வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களின் குடிசைகள் இருந்தன. எல்லாவற்றையும் இடித்துத் தள்ளியிருந்தார்கள். எங்கள் தெருவில் சித்தாள் வேலை பார்த்த மல்லிகா அக்காவின் குடிசையும் அதில் ஒன்று. அவரையே கேட்டு, அவர் வீட்டு வாசல் இருந்த அதே இடத்தில் ஊன்றினான்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மல்லிகா அக்கா வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து உள்ளே போனார். உள்ளே புல்தான். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு வெள்ளிக்கிழமைதோறும் வந்து நிலைக்கு மஞ்சள் பூசி, கோலம் போட ஆரம்பித்தார்.

கண்காட்சிக் கூடத்தில் இருந்தால்தான் மார்க் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள்.

“அவங்க இங்க வந்து பாக்கட்டும். நகர்த்தினா அது வெறும் கட்டை குரு.”

“ஃபெயிலாயிடுவே கணோ!” என்று பாதிக் கன்னடத்தில் கத்தினேன்.

“ஆனா ஆகட்டும்.”

படிப்பே போய்விடுமே என்று எனக்குத்தான் பயம். பரீட்சையன்று காலை அவன் தூங்கி எழுவதற்குள், நானும் இன்னொரு புத்திசாலியும் வாசலைப் பிடுங்கி, தள்ளுவண்டியில் ஏற்றி, கூடத்தில் நிறுத்திவிட்டோம். தேர்வாளர் மஞ்சளைத் துடைக்கச் சொன்னார். மூலையைத் தட்டிப் பார்த்து, தச்சு வேலை சுத்தம் என்றார். யாரோ அதில் குடையை மாட்டினார்கள். இடம் பாஸ்.

அன்று வெள்ளிக்கிழமை. விஷயம் தெரிந்ததும் இடம் பொட்டலுக்கு ஓடினான், பின்னாலேயே நானும். கோலப்பொடிக் கிண்ணத்தோடு மல்லிகா அக்கா இரண்டு குழிகளையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இதையும் பேத்துட்டாங்களா தம்பி?”

நான் அவன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மறுவாரம் அறையைக் காலி செய்துகொண்டு போனவன், சர்டிபிகேட் வாங்கக்கூடத் திரும்பவில்லை.

டேய், எங்கே இருக்கிறாய் என்று மட்டும் எழுது. உன் இடத்துக்கே வந்து திட்டு வாங்கிக்கொள்கிறேன்.