மாலையில் ஏறும் அப்பாவின் ரத்தம்

மதிப்பிற்குரிய அத்தைக்கு, தம்பி மகன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். நலமில்லை என்று நீங்கள் அடம் பிடிப்பதால்தான் இந்தக் கடிதம். போனில் என்னை எங்கே பேச விடுகிறீர்கள்?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் புராஸ்டேட் ரத்தப் பரிசோதனை எண் ஒன்றரை வருடத்தில் 3.4, 4.1, 4.9 என்று ஏறியதும், "ஸ்பெஷலிஸ்ட் கிட்ட கூட்டிட்டுப் போடா கழுதை" என்றீர்கள். அத்தை, தராசுகளைச் சரிபார்த்து முத்திரை குத்துவது என் தொழில். எண் மாறினால் முதலில் அளந்த விதத்தைத்தான் சந்தேகிப்பேன். மூன்று ரிப்போர்ட்டிலும் நேரத்தைப் பார்த்தேன்: காலை 9.10, பகல் 1.25, மாலை 6.40. வரைபடம் போட்டால் நூல் பிடித்த மாதிரி நேர்க்கோடு! பொழுது போகப் போக எண் ஏறுகிறது, அவ்வளவுதான். டாக்டரிடம் கேட்டேன். "நேரத்தால சின்ன வித்தியாசம் வரலாம் தம்பி, ஆனா..." என்றார், அந்த 'ஆனா'வுக்கு மேல் நிற்க எனக்குப் பொறுமையில்லை, லேபுக்கு ஓடிப்போய் அப்பாவுக்கு ஒரே நாளில் ஐந்து தடவை ரத்தம் எடுங்கள் என்றேன், அங்கிருந்த பெண் "உங்கப்பா என்ன தண்ணி டேங்கா?" என்று கேட்டுவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள், வீட்டுக்கு வந்தால் அப்பா "கோடே சொல்லிடுச்சு, டாக்டர் எதுக்குடா?" என்று என் வரைபடத்தை ஃப்ரிட்ஜில் ஒட்டி வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருக்கிறார், அம்மா மட்டும் அதைப் பார்க்காமலே ஃப்ரிட்ஜைத் திறந்து மூடுகிறாள். எனக்கும் ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. கணக்கு சரியாக வந்த பிறகும் ஏன் என்று தெரியவில்லை.

ஆகவே ஸ்பெஷலிஸ்ட் தேவையில்லை. தினமும் மூன்று வேளை போன் போட்டு அப்பாவை அதட்டுவதைத் தயவுசெய்து நிறுத்தவும். மாமாவின் முழங்காலை விசாரித்ததாகச் சொல்லவும். பிள்ளைகளுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
நீங்கள் சொல்லும் கழுதை

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது அப்பா எட்டிப் பார்த்தார். "நீ கோடு போட்ட நேரமெல்லாம் ரிப்போர்ட் அச்சடிச்ச நேரம்டா. மூணு தடவையும் ரத்தம் குடுத்தது காலைல ஏழு மணிக்குத்தான்."

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீ எங்க கேட்ட? எனக்கும் அந்தக் கோடு பிடிச்சிருந்தது."

வரைபடத்தில் நேரத்தை அடித்துவிட்டுத் தேதியை வைத்துக் கோட்டை மறுபடி போட்டேன். அதுவும் நேராகத்தான் ஏறுகிறது. வியாழன் பத்து மணிக்கு ஸ்பெஷலிஸ்டிடம் பதிந்துவிட்டேன். நீங்கள் அதட்டினால்தான் அப்பா கிளம்புவார். போனில் வேண்டாம் அத்தை, நேரில் வாருங்கள். என்னையும் கொஞ்சம் அதட்ட வேண்டியிருக்கும்.