சமஷ்டி அண்ணையின் மகன் ஒன்டாரியோ போன கதை

கனடாவின் அரசியலமைப்பை முழு மனதோடு நம்பிய மனிதர் இந்த நாட்டில் ஒரே ஒருவர்தான். அவர் மான்ட்ரியலில், கோட்-டெ-நெய்ஜில், எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தார். பிரதமர்களையும் நீதிபதிகளையும் கணக்கில் வைத்துக்கொண்டுதான் சொல்கிறேன்.

அவருடைய சொந்தப் பெயர் தபால் பெட்டியில் ஒட்டியிருந்தது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. கட்டடத்து யாழ்ப்பாணத்துக்காரர்கள் எல்லோருக்கும் அவர் ‘சமஷ்டி அண்ணை’. நான் திருச்சியிலிருந்து மேல்படிப்புக்கு வந்த புதிது. எங்கள் பக்கம் சமஷ்டி என்றால், கோயில் மண்டபத்தில் பையன்களை வரிசையாக உட்காரவைத்து ஒரே நாளில் பூணூல் போடுவார்களே, அதுதான். இவர் அந்த விசேஷத்தை நடத்தி வைப்பவர் போலிருக்கிறது என்று நினைத்து, லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் பயபக்தியோடு வழிவிட்டேன். அவருடைய மனைவி தவம் ஆன்ட்டிதான் என் குழப்பத்தைத் தீர்த்துவைத்தார்.

“சமஷ்டி எண்டால் ஃபெடரல், பிள்ளை. உங்கட ஆக்கள் கூட்டாட்சி எண்டுவினம். மத்திக்கு என்ன அதிகாரம், மாகாணத்துக்கு என்ன அதிகாரம் எண்டு இந்த மனுசன் மணவறையிலயும் கதைச்சது. ஐயர் மந்திரத்தை நிப்பாட்டிப்போட்டுக் கேட்டுக்கொண்டு இருந்தவர்!”

இளவயதில் ஊரில் சமஷ்டி வேண்டும் என்று கூட்டம் கூட்டமாகப் போய்க் கத்தியவர் அவர். அங்கே கத்தியும் கிடைக்காதது, இங்கே விமானத்தை விட்டு இறங்கியதும் சும்மா கிடைத்தது. அந்த ஆச்சரியத்திலிருந்து அவர் மீளவே இல்லை. ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் உப்பில்லாத சூப்பைக் கிண்டியே ஓய்வு பெற்றார். அந்தச் சூப்பைப் பற்றிக் கேட்டால்கூட, “ஆஸ்பத்திரி மாகாணத்தின்ர. உப்பை ஏன் குறைச்சது எண்டு ஓட்டாவாவைக் கேக்கக்கூடாது” என்பார். ஓட்டாவா என்றால் அவர் பேச்சில் மத்திய அரசு.

யார் எந்தக் கஷ்டத்தைச் சொன்னாலும் முதலில் அது எந்த அரசாங்கத்தின் கஷ்டம் என்று பிரித்துவிடுவார். விசா தாமதமானால் ஓட்டாவா. லிஃப்ட் நின்றால் மாகாணம். நடைபாதையில் பனி குவிந்தால் நகரசபை. ஒருநாள் அடித்தளத்துச் சலவை அறையில் நான் தும்மிக்கொண்டு நின்றேன். துணியை மடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“காய்ச்சலோ?”

“லேசா இருக்கு அங்கிள்.”

“காய்ச்சல் எண்டால் மாகாணம்.” சற்று யோசித்தார். “ஆனா நீ போன கிழமைதானே இந்தியாவால வந்தனி? பிளேனில தொத்தினதெண்டால் அது ஓட்டாவா.”

எந்த அரசாங்கமும் வரவில்லை. தவம் ஆன்ட்டி கொத்தமல்லி அவித்துக் கொடுத்துதான் தும்மல் நின்றது.

வீட்டையும் அவர் அதே முறையில்தான் ஆண்டார். சமையலறை தவம் ஆன்ட்டியின் மாகாணம். குழம்பு உறைத்துக் கண்ணில் தண்ணீர் வழிந்தாலும் வாயைத் திறக்கமாட்டார், மத்தி தலையிடக்கூடாது. டிவி ரிமோட் இருவருக்கும் பொது அதிகாரம். அதனால் தினமும் அரசியல் நெருக்கடி. பால்கனி, மகன் நிலனுக்கு. சின்ன வயதில் அவன் அங்கே தொட்டியில் மிளகாய் போட ஆசைப்பட்டபோது, சகல அதிகாரங்களோடும் அவனிடம் ஒப்படைத்துவிட்டார். அதன் பிறகு பால்கனியில் துணி காயப்போடுவதற்குக்கூட மகனிடம் கேட்டுவிட்டுத்தான் போவார்.

இப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்த காலத்தில் நாட்டில் கஞ்சா சட்டபூர்வமாயிற்று.

கட்டடம் இரண்டாகப் பிளந்தது. கீழே நுழைவாயிலில் ஒரு பழைய சோபா உண்டு. அதில் பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குத் தலைவர், ஊரில் போஸ்ட் மாஸ்டராக இருந்த ஒரு கனத்த மனிதர். அவரை எல்லோரும் போஸ்ட் மாஸ்டர் என்றே கூப்பிடுவார்கள். அரசாங்கமே கடை திறந்து கஞ்சா விற்கிற நாட்டில் இனி எப்படிப் பிள்ளை வளர்ப்பது என்று அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். வெளியே படியில் நின்ற இளசுகள், இதில் என்ன இருக்கிறது என்று சிரித்தார்கள்.

சமஷ்டி அண்ணை மட்டும் தீபாவளிக்குப் புதுச்சட்டை கிடைத்த பிள்ளை மாதிரி திரிந்தார். அவர் வாழ்நாளில் பீடியைக்கூடத் தொடாதவர். கஞ்சா என்ற சொல்லைச் சொல்லிவிட்டு வாய் கொப்பளிக்கிற ஆள். ஆனால் வீட்டில் நாலு செடி வளர்க்கலாம் என்று ஓட்டாவா சொல்ல, ஒன்றுகூடக் கூடாது என்று எங்கள் மாகாணமான கியூபெக் சொல்லிவிட்டது. அவருக்கு அது போதாதா?

“பாத்தியளே? மாகாணம் எதிர்த்து நிக்குது! இண்டைக்குத்தான் இது ஒரு நாடு!”

பிறகு கியூபெக், கஞ்சா வாங்கும் வயதைப் பதினெட்டிலிருந்து இருபத்தொன்றாக உயர்த்தியது. படியில் நின்ற பையன்களில் ஒருவன் அவரை மறித்தான்.

“அண்ணை, பதினெட்டில வோட்டுப் போடலாம், பியர் வாங்கலாம். இதுக்கு மட்டும் இருபத்தொண்டோ? பிழையான சட்டமெல்லோ?”

“பிழைதான் தம்பி. பிழையான சட்டம் போடுறதுக்கும் மாகாணத்துக்கு உரிமை இருக்கு. சரியானதை மட்டும் செய்யலாம் எண்டால் அதுக்குப் பேர் உரிமை இல்லை, உத்தரவு.”

உடனே போஸ்ட் மாஸ்டர் சோபாவிலிருந்து, “அப்ப முழுக்கத் தடை செய்யச் சொல்லி மாகாணத்துக்கு எழுதுவம்!” என்றார்.

“ஏலாது. குற்றவியல் சட்டம் ஓட்டாவான்ர கையில.”

இரண்டு கட்சிக்கும் அவர் ஆகாதவரானார். அவருக்கு அது பெருமையாகவே இருந்தது.

நிலன் அப்போது சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் பயிர்ச் செய்கை படித்துக்கொண்டிருந்தான். அமைதியான பையன். மனிதர்களோடு பேசுவதைவிட இலைகளோடு அதிகம் பேசுவான். “என்ர மகன் பயிர் விஞ்ஞானி” என்று சமஷ்டி அண்ணை சலவை அறையில் வரும் போகும் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். தமிழ் தெரியாத பிலிப்பினோ அம்மாவுக்குக்கூட அந்த வார்த்தை மனப்பாடம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். கணவாய்க் கறி. நிலன் தட்டைப் பார்த்தபடி, தனக்கு ஒன்டாரியோவில் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னான். பெரிய கண்ணாடிக் கூரைத் தோட்டம், நல்ல பதவி. அண்ணையின் முகம் மலர்ந்தது.

“தக்காளியோ?”

“இல்லையப்பா.”

“குடமிளகாயோ?” என்றார் ஆன்ட்டி.

“கனபிஸ், அம்மா.”

சமஷ்டி அண்ணை பிசைந்த சோற்றிலிருந்து கையை எடுத்தார்.

“கஞ்சாவோ? உன்னைப் படிப்பிச்சது கஞ்சாத் தோட்டத்துக்குத் தண்ணி ஊத்தவோ? கோயில்ல ஆக்கள் கேட்டால் நான் என்னெண்டு சொல்லுறது?”

நிலன் குரலை உயர்த்தவில்லை. “அப்பா, ஓட்டாவா லைசன்ஸ் குடுத்திருக்கு. ஒன்டாரியோ கடை நடத்த விட்டிருக்கு. ரெண்டு அரசாங்கமும் ஓம் எண்டிட்டினம். நீங்கள் எந்த அரசாங்கம்?”

மனிதர் தட்டைத் தள்ளிவைத்தார். எழுந்து நேரே பால்கனிக்குப் போய் நின்றார். மகனிடம் அனுமதி கேட்க மறந்துபோனது அவருக்கே தெரியவில்லை. ஆன்ட்டி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எனக்கு இன்னும் கொஞ்சம் கறி போட்டார்.

அதற்குப் பிறகு அண்ணை அரசாங்கம் பேசுவதையே விட்டுவிட்டார். சலவை அறையில் வேண்டுமென்றே தூண்டிப் பார்த்தேன்.

“அங்கிள், என் மெடிக்கல் கார்டு இன்னும் வரல. யாரைக் கேக்கணும்?”

“ஆருக்குத் தெரியும், பிள்ளை” என்றார்.

எனக்குப் பகீரென்றது. அவர் உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே கட்டடம் பேசிக்கொண்டது.

செய்தி எப்படியோ சோபாவுக்கு எட்டியது. ஒரு மாலை நானும் அண்ணையும் காய்கறிப் பைகளோடு உள்ளே நுழைந்தபோது, போஸ்ட் மாஸ்டர் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்.

“என்ன அண்ணை, உம்மட பயிர் விஞ்ஞானி கஞ்சாத் தோட்டத்துக்காம்?”

சோபாவில் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். படியில் நின்ற பையன்களும் திரும்பினார்கள். அண்ணை பைகளைக் கீழே வைத்தார். ‘யார் சொன்னது?’ என்று மறுப்பார் என்றுதான் நினைத்தேன்.

“ஓம். போறான். நல்ல வேலை.”

“அப்ப உமக்குச் சம்மதமோ?”

“சம்மதம் இல்லை. எனக்குத் துண்டாப் பிடிக்கேல்லை, அவனுக்கும் சொல்லிப்போட்டன்.” பைகளை மறுபடி தூக்கிக்கொண்டார். “ஆனா அவன் வளந்த ஆள். அது அவன்ர அதிகாரம். அதில நானும் கைவைக்கேலாது, நீரும் கைவைக்கேலாது.”

லிஃப்டில் ஏறியதும் மூன்றாம் மாடிக்குப் பதிலாக அடித்தளத்துப் பட்டனை அழுத்திவிட்டார். உருளைக்கிழங்குப் பையை நான் வாங்கிக்கொண்டேன்.

ஜூலை ஒன்றாம் தேதி, மான்ட்ரியலே வீடு மாறுகிற நாளில், நிலனும் பெட்டிகளோடு போனான். இரண்டு வாரம் கழித்து அண்ணை என் கதவைத் தட்டினார். நான் அப்போது ஒரு பழைய கார் வாங்கியிருந்தேன். “பிள்ளை, ஒன்டாரியோ ரோட்டெல்லாம் உனக்குப் பழக்கமோ?” என்றார். பழக்கம் என்று பொய் சொன்னேன்.

தவம் ஆன்ட்டி பின்சீட்டில் மடியில் குழம்புச் சட்டியோடு. மாகாண எல்லையைத் தாண்டியபோது அண்ணை ஜன்னலோடு ஒட்டி உட்கார்ந்து பார்த்தார். இந்தப் பக்கமும் சோளம், அந்தப் பக்கமும் சோளம்.

தோட்டத்துக்குள் வெளியாட்களை விடமாட்டார்கள். வேலிக்கு வெளியே காரை நிறுத்தி இறங்கினோம். காற்று திரும்பியதும் அந்த வாடை மூவரையும் ஒன்றாக அடித்தது. ஆன்ட்டி மூக்கைப் பொத்திக்கொண்டு, பல வாரங்களாக யாரும் அவரிடம் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

“இஞ்சேருங்கோ, இந்த மணம் ஆரின்ர அதிகாரம்?”

அவர் மூச்சை இழுத்தார். நெற்றி சுருங்கியது. கண்ணில் பழைய வெளிச்சம்.

“மணம் நகரசபை” என்றார்.

ஆன்ட்டி சிரித்தார், நானும் சிரித்தேன். தலையில் வலையும் வெள்ளைக் கோட்டுமாக நிலன் ஓடிவந்தபோது நாங்கள் மூவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தோம். அவன் பயந்துபோய், “என்னப்பா, ஏன் அழுறியள்?” என்றான். அண்ணை அவனைக் கட்டிப்பிடித்தார். அப்பா மகனைக் கட்டிப்பிடித்து நான் அந்த வீட்டில் பார்த்ததில்லை. இடைவேளை முடிந்து மணி அடிக்கும்வரை விடவே இல்லை.

இப்போது அவர்களும் ஒன்டாரியோவுக்கே போய்விட்டார்கள். நிலனுக்கு ஒரு பெண் குழந்தை. சோபா இன்னும் இருக்கிறது, போஸ்ட் மாஸ்டரும் இருக்கிறார். அவரே ஒருநாள், “உந்த மனுசன் இல்லாமல் சண்டை பிடிக்க ஆளில்லை” என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். எனக்கு மட்டும் அவரை நினைத்தால் அந்தத் திரும்பி வந்த பயணம்தான் ஞாபகம் வருகிறது. மகனைக் கட்டிப்பிடித்த சட்டையோடு அவர் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். கார் முழுக்க அந்த வாடை. எனக்குத் தலை சுற்றியது.

“கண்ணாடியை இறக்கிடவா அங்கிள்?”

“வேண்டாம், பிள்ளை. குளிரும்.”

வெளியே ஜூலை மாதத்து வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மான்ட்ரியல் வரும்வரை நான் கண்ணாடியை இறக்கவில்லை.