ஆறாம் பீரியட் மீட்ட படலம்

வாழ்க ராஜாங்கம்! வெள்ளைக் கோடிட்ட நீல டிராக் பேண்ட்டையே கவசமாய் அணிந்தவன், கழுத்தில் தொங்கும் விசிலையே வெற்றிச் சங்காய்க் கொண்டவன், குருசுக்குப்பத்துக் கடற்காற்று கேளாமலே நுழைந்து வெளியேறும் அரசு உயர்நிலைப்பள்ளியின் மணல் மைதானத்தை இருபத்தாறு ஆண்டுகளாய்த் தனியொருவனாய்க் காத்து நிற்கும் உடற்கல்வி வேந்தன், பத்தாம் வகுப்புக் கணக்கில் இருமுறை வீழ்ந்து மூன்றாம் முறை முப்பத்தைந்தே மதிப்பெண்ணோடு எழுந்த மாவீரன் வாழ்க! வெண்தாமரை வீற்றிருக்கும் கலைமகளே, நீயும் கொஞ்சம் இறங்கி வா. இது உன் கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் நடந்த போர்தான் என்றாலும், கதை சொல்லி முடிக்கும்வரை நடுநிலையாக இரு.

அந்நாளில் பகைவர் நாட்டு ஆநிரையைக் கவர்ந்தார்கள். இந்நாளில் பீரியடைக் கவர்கிறார்கள். பத்தாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு வாரத்தில் ஒரே ஒரு விளையாட்டு வகுப்பு. அது வெள்ளிக்கிழமை ஆறாம் பீரியட். மணியோசை அடங்குமுன், இடக்கையில் மரக் காம்பஸும் வலக்கையில் முழுச் சாக்பீஸும் ஏந்தி, வாசற்படியை அடைத்து நிற்பார் கணக்கு ஆசிரியை கலைவாணி. "சார், இந்த ஒரு வெள்ளி மட்டும் சார். போர்ஷன் முடியல" என்பது அவருடைய போர்முழக்கம். பள்ளி திறந்த நாள் முதலாய்ப் பதினோரு வெள்ளிகள் அந்த ஒரே முழக்கத்தில் வீழ்ந்தன. கலைவாணியைக் கொடியவர் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். நாற்பத்திரண்டு பேரும் பாஸாக வேண்டும், ஒருவர் தவறினாலும் கேள்வி அவரைத்தான் கேட்பார்கள்.

ஆயினும் ராஜாங்கத்தின் நெஞ்சு கொதித்தது. கொதிப்பதற்குக் காரணம் இருந்தது. வாலிபால் அணியின் ஆறு பெண்களும் அந்த வகுப்பில்தான் இருந்தார்கள், பள்ளிகளுக்கிடையிலான போட்டிக்கு இரண்டே மாதங்கள் இருந்தன. அணித் தலைவி அறிவுமதியின் நிலையோ இன்னும் சிக்கல். மார்க்கெட்டில் மீன் விற்கும் அவள் தாய் ஜெயசித்ரா, கூடையை இறக்கி வைத்த கையோடு ஆணை பிறப்பித்திருந்தார்: "கணக்குல அம்பதுக்குக் கீழ போச்சின்னா பந்தும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. சொல்லிட்டேன்."

பன்னிரண்டாம் வெள்ளியன்று, தலைமை ஆசிரியர் விஜயராகவனின் அறையில், மின்விசிறி முனகிச் சாட்சி சொல்ல, இரு படைகளும் எதிரெதிர் நின்றன.

"வெளையாடற புள்ளதான் சார் நல்லா படிக்கும்! ரத்த ஓட்டம் சார்!" என்று இடி இடித்தான் ராஜாங்கம்.

"அப்படின்னா காட்டுங்க சார்" என்றார் கலைவாணி, காம்பஸை மேசைமேல் வைத்து.

ஆசிரியர்களின் சண்டையை ஐந்து நிமிடத்தில் முடித்துத் தேநீர் குடிப்பதில் வல்லவரான விஜயராகவன் அக்கணமே தீர்ப்புரைத்தார். வரப்போகும் கணக்கு யூனிட் டெஸ்டில் ஆறு வீராங்கனைகளின் சராசரி, மற்ற முப்பத்தாறு பேரின் சராசரியை மிஞ்சினால் ஆறாம் பீரியட் ஆண்டு முழுவதும் மைதானத்துக்கே. மிஞ்சாவிட்டால் அது கணக்குக்கே பட்டா. சுற்றறிக்கை நோட்டில் எழுதி இருவரிடமும் கையெழுத்தும் வாங்கிவிட்டார்.

ராஜாங்கம் அறையை விட்டு வெளியே வந்தான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அவன் பயந்துபோனான். முப்பத்தைந்து மதிப்பெண் வாங்கியவன் எந்த முகத்தோடு கணக்கில் பந்தயம் கட்டினான்? வாய் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான்.

ஆனால் வீரன் பின்வாங்குவதில்லை. மறுநாள் முதல், காலை ஏழரை மணிக்கும் மாலை நான்கரை மணிக்கும் நடந்துவந்த வாலிபால் பயிற்சியை நிறுத்தினான். அந்த வேளையில் வேப்பமர நிழலில் ஆறு பேரையும் வட்டமாக உட்காரவைத்துக் கணக்கு நோட்டைத் திறக்கச் செய்தான். பள்ளிக்கென்று இருந்த ஒரே பந்து, வலைப்பைக்குள் அடங்கி, விளையாட்டு அறை ஆணியில் ஏறித் தவம் புகுந்தது.

"சார், பந்து எப்ப சார்?" என்று அறிவுமதி தினமும் கேட்டாள்.

"டெஸ்ட் முடியட்டும்மா. ஜெயிச்சிட்டா வருசம் பூரா நம்மளுதுதான்" என்று தினமும் அவன் சொன்னான்.

முக்கோணவியல் என்னும் மும்முனைச் சூலம் எதிர்ப்பட்ட நாளில் ஆசான், மாணவியர் எழுவரும் ஒருசேரத் தடுமாறினர். சைனும் காஸும் டேனும் கண்ணில் பூச்சி பறக்கவைத்தன. அப்போது அறிவுமதி எழுந்தாள். வலைக் கம்பத்தை ஏற இறங்கப் பார்த்தாள். வலையின் உயரத்தை டேப்பால் அளந்தாள், அதே தூரம் மண்ணில் அளந்து கோடு கிழித்தாள், யூனிபார்ம் அழுக்காவதை எண்ணாமல் கோட்டின்மேல் குப்புறப் படுத்துத் தரையோடு தரையாய்க் கண்ணை வைத்து வலையின் உச்சியை நோக்கினாள்.

"ரெண்டு பக்கமும் ஒண்ணு சார். அதான் நாப்பத்தஞ்சு டிகிரி. தள்ளிப் போனா கோணம் கொறையும்."

ராஜாங்கமும் படுத்தான். ஐம்பத்திரண்டு வயதுத் தொந்தி மண்ணில் அழுந்த, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தான். பதினைந்து வயதில் கரும்பலகையில் தன்னை இரண்டுமுறை கொன்ற அந்தக் கோணம், தான் இருபத்தாறு ஆண்டுகளாய்க் கட்டி அவிழ்த்த வலைக்குக் கீழேயே இத்தனை நாளும் கிடந்திருக்கிறது. "அட, இவ்வளவுதானா?" என்றான். கண் கலங்கியது. மண் விழுந்துவிட்டது என்று சொல்லித் துடைத்துக்கொண்டான்.

ஐந்து வாரம் கழிந்தது, டெஸ்ட் நடந்தது, விடைத்தாள் வந்தது. வீராங்கனையர் சராசரி அறுபத்தொன்று, ஏனையோர் ஐம்பத்தொன்பது! அறிவுமதி எழுபத்து நான்கு! அன்று மாலை ஜெயசித்ரா மகளுக்கென்று வஞ்சிரத்தில் நல்ல நடுத்துண்டு ஒன்றை விற்காமல் எடுத்து வந்தார்.

திங்கட்கிழமைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் விஜயராகவன் மைக்கைத் தட்டி முழங்கினார்: "விளையாட்டு படிப்பை வளர்க்கும் என்பதை நம் பள்ளி உலகுக்கு நிரூபித்துவிட்டது!" கைதட்டல் கடலைத் தொட்டது. அந்த ஆறு பேரும் ஐந்து வாரமாய்ப் பந்தையே தொடவில்லை என்பது கைதட்டிய ஒருவருக்கும் நினைவில்லை. ராஜாங்கத்துக்கு நினைவிருந்தது. விசிலைத் திருகியபடி தரையைப் பார்த்தான்.

"சார், அடுத்த டெஸ்டுக்கும் அவங்கள இப்படியே தரையில படுக்க வைங்க" என்று சிரித்துக் கை குலுக்கினார் கலைவாணி.

வந்தது வெள்ளி! ஒலித்தது ஆறாம் மணி! வாசற்படியில் காம்பஸ் இல்லை, சாக்பீஸ் இல்லை. அணையுடைத்த வெள்ளமாய் நாற்பத்திரண்டு பேரும் மைதானத்தில் பாய, விசில் விண்ணைப் பிளக்க, வலை ஏற, அறிவுமதி எல்லைக் கோட்டில் கால் பதித்துக் கைகளை நீட்டிக் காத்திருக்க, ராஜாங்கம் விளையாட்டு அறைக்குள் புகுந்து, ஆணியில் தவமிருந்த வலைப்பையை இறக்கி, சிலந்தி வலையைப் புறங்கையால் துடைத்து, மீட்டெடுத்த ஆநிரையை ஊருக்குள் ஓட்டிவரும் மறவனைப்போல் மார்பு விரிய நடந்து வந்து, பந்தை இரு கரங்களாலும் தலைக்கு மேல் உயர்த்தி, ஆண்டு முழுவதற்குமான வெற்றியைப் பறைசாற்றும்படி ஓங்கித் தரையில் அடித்தான்.

பந்தில் காற்று இல்லை.