ஐந்தாம் நாள் குணம்

நெருப்பைக் கண்டுபிடித்ததற்குப் பிறகு மனிதகுலம் செய்த மாபெரும் காரியம் அந்த மருத்துவமனையின் இரண்டாம் மாடியில்தான் நடந்தது. இதில் அந்த மாடியில் இருந்த யாருக்கும் சந்தேகமே கிடையாது. மூச்சுக்குழாயைப் பிடிக்கும் வைரஸ் காய்ச்சலை ஐந்தே நாளில் விரட்டும் மாத்திரையை அங்கே அறுபது நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று விவரம் தெரியாத யாரோ கேட்டார்கள். அவர்களும் குணமாகிவிட்டால் மருந்தின் மனம் என்ன பாடுபடும் என்று சொல்லிப் பெரிய டாக்டர் அந்த யோசனையைக் கருணையோடு நிராகரித்தார்.

ஆய்வு நர்ஸின் வேலை எளிது. தினமும் காலை பத்து மணிக்கு ஒவ்வொரு கட்டிலாகப் போய்ப் பத்து நிமிடம் நின்று, இருமலை எண்ணி, அட்டையில் எழுதவேண்டும். பதினெட்டு வருடம் ஊசி போட்ட கை இப்போது விரல்விட்டு இருமலை எண்ணியது. ஐம்பத்தொன்பது பேர் நன்றி மறக்காதவர்கள். ஐந்தாம் நாள் சொல்லிவைத்தாற்போல் இருமலை நிறுத்திக்கொண்டார்கள். ஒன்பதாம் கட்டிலில் இருந்த லிஃப்ட் மெக்கானிக் மட்டும் ஒத்துழைக்கவில்லை. நான்காம் நாள் முப்பத்திரண்டு, ஐந்தாம் நாள் நாற்பத்தொன்று. விரலில் மாட்டிய கருவி ஆக்ஸிஜன் தொண்ணூறுக்கு இறங்கிவிட்டதாகக் காட்டியது. அவரை உடனே மேல் மாடிக்கு, ஆக்ஸிஜன் கொடுக்கும் வார்டுக்கு மாற்றியாகவேண்டும்.

அவசரக் கூட்டம் கூடியது. மாற்றுவதற்கான படிவத்தில் 'சிகிச்சை தோல்வி' என்று ஒரு கட்டம் இருந்தது. அச்சடித்த நாளிலிருந்து பேனா படாத கட்டம். அதன் புனிதத்தைக் கெடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு ஆள் கண்ணயரும் நேரத்தில் எண்ணலாமே என்றார் புள்ளிவிவரக்காரர். தூக்கத்திலும் இருமுகிறார் என்றாள் நர்ஸ். கடைசியில் பெரிய டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அது இருமலே இல்ல சிஸ்டர். தொண்டையைச் செருமுறாரு. டாக்டருங்க வர்றப்ப ஒரு மரியாதைக்குச் செய்றதுதான்."

"நாப்பத்தொரு தடவையா சார்?"

"ரொம்ப மரியாதையான ஆளு."

ஏகமனதாக முடிவானது. ஐந்தாம் நாள் இருமல் பூஜ்யம். நோயாளி 'பூரண குணம்'. கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு அனுப்பவேண்டியது ஆய்வு நர்ஸின் பொறுப்பு.

அவள் திரும்பி வந்தபோது மெக்கானிக்கின் மனைவி அவருடைய பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூச்சே விட முடியாதவரை எப்படி வீட்டுக்குக் கூட்டிப்போவது என்று கேட்டாள். மெக்கானிக் தலையணையில் சாய்ந்தபடி, மூச்சுக்கு நடுவே வார்த்தையைத் தேடிப் பிடித்துப் பேசினார்.

"லிஃப்ட் நின்னுபோச்சுன்னா... நாங்க நின்னுபோச்சுன்னுதான் எழுதுவோம் சிஸ்டர்."

அவளுக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு அனுப்பும் படிவத்தை மறுபடி படித்தாள். குணமானவர் ஆய்வைச் சேர்ந்தவர் அல்ல என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அப்படியென்றால் அவர் தெருவில் போகும் யாரோ ஒருவர். யாரோ ஒருவருக்கு மூச்சு முட்டினால் சேர்த்துக்கொள்ள யாருடைய புனிதத்தையும் கெடுக்கவேண்டாம். அவள் அழகாகக் கையெழுத்துப் போட்டாள். போடும்போது தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. பிறகு சக்கர நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு கிளம்பினாள்.

"உங்களுக்குக் குணமாயிடுச்சுண்ணே. பேசாம வாங்க, பக்கத்து வாசல் வழியா நோயாளியா உள்ள போயிடலாம்."

முன்வாசல் வழியாக வெளியே வந்து, நாற்காலியைத் திருப்பி, அவசரப் பிரிவு வாசல் வழியாக உள்ளே நுழைந்தார்கள். கால் மணி நேரத்தில் மேல் மாடியில் அவர் முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க் ஏறியது. கீழே இரண்டாம் மாடியில், அறுபதுக்கு அறுபது என்று கேக் வெட்டினார்கள்.

குணமானவரிடம் ஒட்டிக்கொள்ள என்ன இருக்கிறது என்று ஒன்பதாம் கட்டிலைப் பெரிய டாக்டர் முகக்கவசம் இல்லாமலே பார்த்துவிட்டுப் போயிருந்தார். மூன்றாம் நாள் அவரையே மேல் மாடிக்குக் கொண்டுவந்தார்கள். காலியாக இருந்தது மெக்கானிக்குக்குப் பக்கத்துக் கட்டில்தான். இதற்குள் ஓரளவு தேறியிருந்த மெக்கானிக், அவரைப் பார்த்ததும் மரியாதையாகத் தொண்டையைச் செருமினார்.

நர்ஸ் வந்தாள். பத்து நிமிடம் நின்று எண்ணினாள், நாற்பத்து மூன்று. ஒரு கையில் தண்ணீர், மறு கையில் சம்மதப் படிவம், அதன்மேல் அந்த மாத்திரை. காய்ச்சல் தொடங்கி ஒரு நாள்தான் ஆகிறது என்பதால் அறுபத்தொன்றாவது ஆளாகச் சேரச் சகல தகுதியும் இருக்கிறது என்று பணிவோடு எடுத்துச் சொன்னாள்.

பெரிய டாக்டர் அவள் கையைத் தள்ளிவிட்டார்.

"விளையாடாதீங்க சிஸ்டர். எனக்கு நிஜமாவே உடம்பு சரியில்ல."