மதிய ஷிப்டுக்கே காய்ச்சல்

“டிப்ளோமா படிச்சது எதுக்கு? கேட்ல நின்னு வர்றவன் போறவன் நெத்தியில சுடறதுக்கா?” என்று கேட்டார் என் மாமா.

எங்கள் குடும்பத்தில் பள்ளியின் படிவம் ஐந்தைத் தாண்டிப் படித்த முதல் ஆள் நான். கோவிட் காலத்தில், ஜொகூர் மாநிலத்து மாசாயில் ஒரு பிளாஸ்டிக் வாளித் தொழிற்சாலையில் தொழிற்பாதுகாப்பு உதவியாளர் வேலை கிடைத்திருந்தது. இன்னும் நிரந்தரமாகவில்லை. ஒரு தப்பு நடந்தால் வீட்டுக்குத்தான். ஆனாலும் கையில் துப்பாக்கி மாதிரி வெப்பமானி, முகத்தில் கவசம், அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் தடுப்பு. (என்னைத் தாண்டி ஒரு கிருமி உள்ளே போய்விடுமா?)

காலை ஷிப்டில் எல்லாருக்கும் முப்பத்தாறு டிகிரிதான் காட்டும். அன்று முதன்முறையாக மதிய ஷிப்டுக்கு என்னைப் போட்டார்கள். மண்டையைப் பிளக்கும் வெயில். தொழிலாளர்கள் ஜாக்கெட்டை முன்பின் மாற்றி மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வரிசையாக வந்தார்கள். முதல் ஆள் ஹெல்மெட்டைக் கழற்றினார். முப்பத்தெட்டரை! அடுத்தவருக்கு முப்பத்தொன்பது! மூன்றாவது, அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் என் அப்பா. அவருக்கு இன்னும் அதிகம்!

“அப்பா, ஓரமா நில்லுங்க! யாரையும் தொடாதீங்க!”

“எனக்கு ஒண்ணும் இல்லம்மா.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க!”

கொஞ்ச நேரத்தில் பாதி ஷிப்டு, கார் நிறுத்துமிடத்தில், இடைவெளி விட்டு, உச்சி வெயிலில் நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இவ்வளவு பெரிய தொற்றை ஒற்றை ஆளாகப் பிடித்துவிட்டேனே! திரும்பத் திரும்ப அளந்தேன். ஏறிக்கொண்டே போனது. (ஏறாமல் என்ன செய்யும்?)

ஆள் இல்லாமல் இயந்திரங்கள் நின்றன. மேலாளர் லிம் ஏர்கான் காரில் வந்து இறங்கினார். அவரையும் விடவில்லை. முப்பத்து நான்கு.

“பாஸுக்கு உயிரே இல்ல லா!” என்றது வரிசையில் ஒரு குரல்.

லிம் சிரிக்கவில்லை. “உனக்கு எவ்வளவு?” என்று மலாயில் கேட்டார். என் நெற்றியில் வைத்துப் பார்த்தேன். முப்பத்தொன்பதைத் தாண்டியிருந்தது. அலமாக்! எனக்குக் காய்ச்சல் இல்லை, பசிதான் இருந்தது. அதுவரை நான் அளந்ததெல்லாம் ஜொகூர் வெயிலை.

“இனிமே இந்தச் சோதனையே வேண்டாம். உள்ளே அனுப்பு” என்றார் லிம்.

வேலை போனது போனதுதான் என்று தோன்றியதும் எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. “சோதனை வேணும் பாஸ். வெயில்தான் வேண்டாம்” என்றேன்.

எல்லாரையும் லாரியில் சரக்கு ஏற்றும் கூரையடிக்குக் கூட்டிப்போய், பெரிய விசிறியைப் போட்டு, ஆறவைத்து அளந்தேன். ஒவ்வொருவராக முப்பத்தாறுக்கு இறங்கினார்கள். லிம் என் தோளுக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார். தள்ளி நிற்கச் சொன்னேன். நின்றார்! மறுநாள் முதல் அந்தக் கூரையடிதான் காத்திருக்கும் இடம். மாதக் கடைசியில் என் வேலையும் நிரந்தரமானது.

இன்றும் நான் கோபப்பட்டால் அப்பா அம்மாவிடம், “விசிறிக்குக் கீழ நிப்பாட்டி அளந்து பாரு, தானா இறங்கிடும்” என்பார். சிரிக்கட்டும். பாதுகாப்பு அதிகாரி தேர்வுக்குப் பதிந்துவிட்டேன். முதல் தாளைப் போன வாரம் எழுதியும் முடித்துவிட்டேன்.